தாத்தா காலத்து விருப்பாச்சி வாழைக் கட்டை: முடிக்கொத்து வராமல் காப்பாற்ற யோசனை வேண்டும்

வணக்கம். கொடைக்கானல் கீழ்மலையில் பண்ணைக்காடு பக்கம், காப்பிக்கு ஊடுபயிராக மூன்று தலைமுறையாகப் பக்கக்கன்று எடுத்தே தொடர்ந்து வந்த மலைவாழை. இப்போது தோட்டத்தின் கீழ்ப்பாதியில் முடிக்கொத்து நோய். குருத்திலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கின்றன. இலைக்காம்பை வெளிச்சத்தில் பிடித்தால் கரும்பச்சையில் விட்டுவிட்டுக் கோடுகள் தெரிகின்றன. ஆக, சத்துக்குறை இல்லை, வைரஸ்தான்.

பரப்புவது வாழை அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. அதனால் நோய்க் கட்டையை உடனே வெட்டக் கூடாது, பூச்சி பக்கத்து மரத்துக்குப் போய்விடும். முதலில் குருத்திலும் மட்டை இடுக்கிலும் மருந்தடித்து அதைக் கொன்றுவிட்டு, பிறகுதான் கிழங்கோடு தோண்டித் துண்டு போடுகிறோம். ஒரு பக்கக்கன்று தப்பினாலும் வேலை வீண்.

மேல்பாதி பார்வைக்குச் சுத்தம். ஆனால் அறிகுறி காட்டாமலே கன்றுக்குள் வைரஸ் இருக்கலாம். கிழங்கைச் சீவி வெந்நீரில் முக்குவதெல்லாம் நூற்புழுவுக்குத்தான், இதற்கு உதவாது. கடையில் திசு வளர்ப்புக் கன்று வாங்கி நடலாம்தான், ஆனால் தாத்தா காலத்திலிருந்து வந்த நம் கட்டை போய்விடுமே!

கேள்வி இதுதான்: சொந்தக் கட்டையைக் கொடுத்து, வைரஸ் சோதனை செய்து, அதன் குருத்துநுனியிலிருந்தே திசு வளர்ப்பில் கன்று வளர்த்து வாங்கியவர்கள் உண்டா? தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்பதா, நேராகத் திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்துக்கே போவதா? மாதிரிக்கு இலை போதுமா, கன்றாகவே கொண்டுபோக வேண்டுமா? குறைந்தது எத்தனை கன்றுக்கு ஒப்புக்கொள்வார்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.