வாயில ஒண்ணுமே இல்ல, ஆனா நாய் மென்னுட்டே இருக்குது: உங்க அனுபவம் சொல்லுங்க

கோபி பக்கத்துத் தோட்டத்துக்காரர்:
எங்க சாளையில செவலைன்னு ஒரு நாட்டு நாய். நாலு மாசக் குட்டியா இருக்கறப்போ ஒரு வாரம் மூக்கு ஒழுகி, கண்ணுல பீளை கட்டி, சோறே தொடாம கிடந்துச்சு. அப்பறம் தேறிடுச்சுன்னு விட்டுட்டோம். மூணு வாரம் கழிச்சு ஒரு சாயங்காலம் கட்டுத்தரை ஓரமா நின்னுட்டு, வாயில ஒண்ணுமே இல்லாம சவக்கு சவக்குன்னு மென்னுச்சு. வெத்தலை போட்ட ஆத்தா மாதிரியே இருந்துச்சுங்க. பசங்க சிரிச்சாங்க, நானும்தான். சித்த நேரத்துல வாயோரம் நுரை தள்ளி, சாஞ்சு விழுந்து காலை ஒதைக்க ஆரம்பிச்சுது. எந்திரிச்சப்போ என்னைய யாருன்னே தெரியாத மாதிரி பார்த்துச்சு.

மறுநாள் மறுபடி மெல்லறப்போ பையன் போன்ல வீடியோ எடுத்தான். அதுதான் காப்பாத்துச்சு. டாக்டர் அதைப் பார்த்துட்டு, வாயைத் தொறக்காம முதல்ல பாதத்தைத் தொட்டுப் பார்த்தாரு. மெத்தை தடிச்சுக் கெட்டியா இருந்துச்சு. டிஸ்டெம்பர்ங்கற நாய் நோய், அந்த வைரஸ் மூளைக்குப் போயிருக்குதுன்னாரு. அந்த மெல்லறதே வலிப்புத்தானாம். சூயிங்கம் வலிப்புன்னே பேராம். மனுசனுக்கு ஒட்டாது, மத்த நாய்ங்களுக்கு ஒட்டும். 6-8 வாரத்துல தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் வரைக்கும் 3-4 வாரத்துக்கு ஒருக்காப் போட்டிருக்கோணும். வெறிநாய் ஊசி ஒண்ணு போட்டா எல்லாத்துக்கும் ஆச்சுன்னு இருந்தவன் நானு.

மாத்திரையில பொழைச்சுக்கிச்சு. எல்லா நாயும் பொழைக்காதுன்னு டாக்டரே சொன்னாரு. தாடை மட்டும் இன்னும் டக்கு டக்குன்னு துடிக்குது, தூங்கறப்போகூட. கட்டிலுக்கடியில படுத்திருக்குதான்னு அந்தச் சத்தத்துலயே தெரிஞ்சுக்கலாம்.

வேற மாதிரி யாராச்சும் பார்த்திருக்கீங்களா?

பொள்ளாச்சி அக்கா:
எங்க வீட்டு ஆண் நாய் வேலிக்கல்லுல வேற நாய் மூத்திரம் விட்ட எடத்தை நக்கும். நக்கிட்டு, குளுருல நடுங்கற மாதிரி பல்லு படபடன்னு அடிக்கும், நுரைகூட வரும். பயந்து தூக்கிட்டு ஓடினேன். மேல் முன்பல்லுக்குப் பின்னாடி அண்ணத்துல சின்னத் தொளை இருக்குதாம், அது வழியா வாசனையை உள்ள ஏத்தறதாம். பக்கத்துல எங்கயோ பொட்டை பருவத்துக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். காளை மோந்து பார்த்துட்டு மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்க்குமே, அதே சங்கதி. மாடு பண்ணினா தெரியுது, நாய் பண்ணினா ஆஸ்பத்திரிக்கு ஓடறோம்!

காங்கேயம் அண்ணன்:
என்ற நாய் ஞாயித்துக்கெழமை கறி எலும்பு தின்னுபோட்டு வாயை மூட முடியாம முன்னங்காலால மூஞ்சியைப் பிராண்டிட்டே இருந்துச்சு. பார்த்தா எலும்பு ரெண்டு பக்கக் கடவாய்ப் பல்லுக்கும் நடுவுல, அண்ணத்துல குறுக்கால மாட்டியிருந்துச்சு. கரண்டிக் காம்புல நெம்பி எடுத்துட்டேன். பயப்படாம கையை விட்டு எடுத்துருங்க.

தாராபுரம் தம்பி:
அண்ணா, கோவிச்சுக்காதீங்க, அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துருங்க. எங்க அப்பாரும் அப்படித்தான் பண்ணினாரு. கொறங்காட்டுப் பட்டி நாய் ஒண்ணு தாடை தொங்கி, எச்சில் ஒழுக நின்னுச்சு. தண்ணியை முழுங்க முடியல, கொலைச்சா கொரலே வேற மாதிரி இருந்துச்சு. எலும்பு சிக்கியிருக்கும்னு தொண்டை வரைக்கும் கையை விட்டுத் தேடினாரு. ஒண்ணுமே இல்ல. நாய் கடிக்கவும் இல்ல, கடிக்கத் தாடையில வலு இருந்தாத்தானே. மூணாம் நாள் செத்துப் போச்சு.

கையை விட்ட அன்னிக்கே அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். "கடிக்காத நாய்க்கு எதுக்குடா ஊசி? தொப்புளைச் சுத்தி 14 போடுவான்"னு ஒரே சத்தம். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-லேயே தொடங்கினது. அங்க போய்ப் போட்டுட்டு வந்தவங்க கதையைக் கேட்டு வளர்ந்தவரு. இப்பத்தான் கையிலயே போடறாங்களே: அன்னிக்கு ஒண்ணு, அப்பறம் 3, 7, 28-ஆம் நாள். கையில கிளுவை வேலி முள்ளு கிழிச்ச காயம் இருந்துச்சு, அதனால காயத்தைச் சுத்தியும் தனியா ஒரு மருந்து போட்டாங்க. கையை அப்பவே சோப்புப் போட்டு 15 நிமிசம் கழுவியிருக்கோணும்னு நர்ஸம்மா திட்டினாங்க. அவரு துண்டுல தொடச்சதோட சரி. நாயோட தலையைப் பரிசோதிச்சதுல வெறிநோய்தான்னு வந்துச்சு.

காங்கேயம் அண்ணன்:
என்ற நாய்க்கு வருசா வருசம் ஊசி போடறமுங்க தம்பி, அந்தத் தைரியத்துல எழுதிப்போட்டேன். ஊர் நாய்க்கு நான் சொன்னது ஆகாது. அப்பாரு நல்லா இருக்காருங்களா?

தாராபுரம் தம்பி:
இருக்காருங்ணா. 28-ஆம் நாள் ஊசிக்குத் தானாவே எனக்கு முன்னாடி பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்தாரு.