கோபோ செடி ‘தண்டு வாங்கியது’: ஒரு சொல்லுக்கான மடல்கள்

பொருள்: கோபோ வளர்ப்புக் குறிப்புக்கு மூன்று சொற்கள் வேண்டும்
சைத்தாமாவிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

தோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து வாடகைக்கு விடும் பொதுத் தோட்டங்கள் உண்டு. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சிலர் அதில் வெண்டையும் கத்தரியும் போடுகிறோம். பக்கத்துத் துண்டுக்கார ஜப்பானியப் பெரியவரின் பாத்தியைப் பார்த்துப் பார்த்துப் பலருக்குக் கோபோ போடும் ஆசை வந்துவிட்டது. அவர்களுக்காக ஒரு குறிப்பு எழுதப் போய், சொல் கிடைக்காமல் பாதியில் நிற்கிறது.

கோபோ என்பது ஆர்க்டியம் லப்பா, சூரியகாந்திக் குடும்பம். ஆங்கிலத்தில் பர்டாக். பல ஊர்களில் வேலியோரக் களை, மிஞ்சினால் மூலிகை. ஜப்பானில் அதன் வேர் அன்றாடக் காய்கறி. பழுப்புத் தோல், விரல் தடிமன், நீள ரகங்கள் ஒரு மீட்டர் வரைகூட இறங்கும்.

எனக்கு வேண்டியவை: வேர் நேரே இறங்காமல் இரண்டு மூன்றாகப் பிரிவதற்கு ஒன்று. பறிக்காமல் விட்ட வேரின் நடுப்பகுதி பஞ்சுபோல ஆவதற்கு ஒன்று. செடி பூத்தண்டு விட்டு எழுந்து, வேர் வீணாவதற்கு ஒன்று. ஆங்கிலத்தில் இதைப் போல்ட்டிங் என்கிறார்கள். மூன்றாவதுதான் தலைவலி.

சென்னையிலிருந்து

முதலில் செடிக்கே பெயர் வைத்துவிடலாமே. காய் துணியில் ஒட்டும் என்பதால் மருளூமத்தை என்று சொல்லலாம். மற்றவை: கிளைவேர், உட்பொந்து, முந்துபூப்பு.

மதுரையிலிருந்து

தம்பி, மருளூமத்தை வேண்டவே வேண்டாம். அது சாந்தியம் (Xanthium), வேறு செடி. அதன் விதையும் இளநாற்றும் நஞ்சு; மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன. உண்ணும் வேருக்கு அந்தப் பெயரைக் கொடுத்து, அதை நம்பி எவராவது ஆற்றங்கரையில் தோண்டினால் யார் பொறுப்பு? கோபோ என்றே இருக்கட்டும். கேரட்டும் பீட்ரூட்டும் அப்படித்தான் வந்தன, யாருக்கும் குறைவில்லை.

கிளைவேரும் சரிவராது. ஆணிவேரிலிருந்து பக்கவாட்டில் பிரியும் வேருக்கு அது வழங்குகிறது. அது எல்லாச் செடிக்கும் இருப்பது. நமக்கு வேண்டியது ஆணிவேரே பிளந்து நிற்கும் கோலம். கவைவேர் என்று வைக்கலாம். கவைக்கோல், கவட்டை என்று சொல்லிப் பழகியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

முந்துபூப்பு என்பதைப் படித்ததும் மஞ்சள் நீராட்டுதான் நினைவுக்கு வருகிறது. விட்டுவிடுவோம்.

சைத்தாமாவிலிருந்து

ஐயா, கவைவேர் அருமை. உடனே எழுதிவிட்டேன். இந்தச் செடியில் மிகுதியாக நேரும் கோளாறே அதுதான். கல், மண்கட்டி, மக்காத எரு, நூற்புழு, எது ஆணிவேரின் நுனியைத் தடுத்தாலும் வேர் கவைத்துவிடும். அதனால் நாற்று விட்டு நடும் வழக்கம் இல்லை, நேரடி விதைப்புதான். விதையை இரவு ஊறவைத்து, மேலே மண்ணைப் பேருக்குத் தூவி அழுத்திவிட வேண்டும். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். மண் புளித்திருந்தால் சுண்ணாம்பு போட வேண்டும். தோக்கியோவின் தக்கினொகாவா பகுதியில் கென்ரொக்கு காலத்தில் (1688–1704) பேர்பெற்ற நீள ரகம் வளர்ந்ததற்கு அங்குள்ள எரிமலைச் சாம்பல் மண்ணின் ஆழமும் மென்மையும் ஒரு காரணம். இப்போதுள்ள நீள ரகங்களில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவைதான்.

நெருக்கமாக முளைத்த நாற்றுகளைக் கலைப்பதற்கும் இந்தச் சொல் உதவும். நாற்றைப் பிடுங்கிப் பார்க்காமலே கவைவேரைக் கண்டுபிடிக்கலாம் என்று பெரியவர் காட்டினார். இலைகள் ஒடுங்கி, செங்குத்தாக நின்றால் கீழே வேரும் நேராக இருக்கும். பக்கத்துச் செடியைவிடத் தெம்பாக, இலையைத் தரையோடு பரப்பி நிற்பதுதான் கவைத்தது. நமக்குக் கை போவது ஒல்லிச் செடியைப் பிடுங்கத்தான். அவர் பரந்ததைப் பிடுங்கினார். மூன்று கால்!

இடமில்லாதவர்களுக்கு 40 செ.மீ. அளவில் நின்றுவிடும் குட்டை ரகங்கள் இருக்கின்றன. மண் மூட்டையை நிமிர்த்தி வைத்து, அடியில் கிழித்துவிட்டு அதிலேயே விதைப்பார்கள். அறுவடையன்று மூட்டையைக் கிழித்தால் போதும், தோண்டும் பாடில்லை. நீள ரகம் என்றால் வரிசையோரம் வேரளவு ஆழத்துக்குக் குழி பறித்து, வேரைக் குழிப்பக்கம் சாய்த்து எடுக்க வேண்டும். இடுப்பு ஒடிந்துவிடும்.

உட்பொந்து பற்றி ஒரு தடை. ச்சிபா மாநிலத்தில் ஓவுரா என்ற ஊரின் கோபோ இயல்பிலேயே உள்ளே பொந்துதான். நன்றாகப் பருத்திருக்கும், பொந்துக்குள் பொருள் திணித்துச் சமைப்பார்கள். நரிதாவின் ஷின்ஷோஜி கோயிலுக்கு அது படையலாகப் போகிறது. கியோத்தோவின் ஹொரிகாவா கோபோவும் அப்படியே: ஒரு வேரை எடுத்து, மறுபடி சாய்த்து நட்டுப் பருக்க வைப்பது. ஆகவே பொந்து குறையல்ல, பஞ்சாவதுதான் குறை. அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

மதுரையிலிருந்து

நெட்டி விழுதல்?

சென்னையிலிருந்து

நெட்டி முறிப்பார்கள், விழுமா?

மதுரையிலிருந்து

சரி, நெட்டியாதல். தஞ்சாவூர் நெட்டி வேலை பார்த்தவருக்கு அந்த வெள்ளை, எடையற்ற சதை கண்முன் வரும். பஞ்சடைத்தல் என்று முதலில் எழுதினேன். அது கண்ணுக்குப் போய்விட்டது.

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. மூன்றாவது சொல்லுக்காக எழுதுகிறேன்.

நெல்லில் கதிர் வாங்குதல் என்கிறோம். பயிர் அதுவரை தூர் கட்டி, இலை விட்டு, ஒரு நாளில் உள்ளிருந்து கதிரை வெளியே வாங்கும். இதுவும் அதே அசைவுதான். செடி தண்டு வாங்கிவிட்டது என்று சொல்லுங்கள். பெயராக வேண்டுமென்றால் தண்டுவாங்கல். கொத்தமல்லி, முள்ளங்கி, கீரை எல்லாவற்றுக்கும் ஆகும்.

சென்னையிலிருந்து

அழகாக இருக்கிறது. ஆனால் ஒன்று விடுபடுகிறது, அண்ணா. கதிர் வாங்குவது நல்ல சேதி. இது கெட்ட சேதி. அகாலத்தில் நடக்கிறது என்ற பொருள் சொல்லிலேயே இருக்க வேண்டாமா? ‘பருவம் தப்பிய’ என்று ஒரு அடைமொழி சேர்க்கலாம்.

சைத்தாமாவிலிருந்து

அடைமொழி வேண்டாம் என்பேன். காரணம் சொல்கிறேன்.

கோபோ ஈராண்டுச் செடி. முதலாண்டு வேரில் சேமிக்கும்; குளிர்காலம் கழிந்து நாள் நீண்டதும் அதைச் செலவழித்து ஆள் உயரத்துக்கு மேல் தண்டு எழுப்பிப் பூக்கும். அதன் கணக்கில் இது சரியான பருவம்தான். ஏப்ரல், மே மாதத்தில் விதைத்துவிட்டு, பனிக்காலத்துக்குள் தோண்டாமல் அடுத்த கோடைவரை விட்டுவைத்தவருக்குத்தான் பருவம் தப்பியது. செடியின்மேல் பழி போடும் சொல் அவருக்குத் தவறான பாடம் சொல்லும்.

இலையுதிர்கால விதைப்பில் சங்கதி கொஞ்சம் நுணுக்கம். வேர் ஓரளவு தடித்த பிறகு நீண்ட குளிர் பட்டால்தான் அடுத்த வசந்தத்தில் தண்டு வரும். மெலிந்த நாற்றுக்குக் குளிர் உறைப்பதில்லை. அதனால் இந்தப் பக்கம் செப்டம்பர் பாதிக்கு முன் விதைக்காதே என்பார்கள். அவசரப்பட்டு ஆகஸ்டில் போட்டால் செடி கொழுகொழுவென்று குளிர்காலத்துக்குள் நுழையும், ஜூனில் வேர் எடுக்கலாம் என்று பார்த்தால் அதற்குள் தண்டு வாங்கியிருக்கும். பிறகு உரம் போட்டும் பயனில்லை, தண்டை நறுக்கியும் பயனில்லை, வேர் கட்டை.

இன்னொன்று. விதைக்காக வளர்ப்பவர் இதே தண்டுக்குத்தான் காத்திருக்கிறார். அவருக்கு இது நல்ல சேதி. ஒரே நிகழ்வுக்கு இரண்டு சொல் வைக்க முடியாது.

ஜப்பானியத் தோட்டக்காரர்கள் தோதாச்சி என்கிறார்கள், தண்டு நிற்றல். அதிலும் முன், பின் எதுவும் இல்லை. ஆனால் வயதானவரைக் கிண்டல் செய்ய அதே தொடர் பயன்படும், நம் ஊர் ‘முற்றல்’ மாதிரி. பெரியவர் என் தலைமுடியைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிட்டார்.

மதுரையிலிருந்து

சென்னைத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் விடை சைத்தாமாவின் பக்கம்தான். தண்டுவாங்கல் என்றே கொள்வோம். வினையாக எழுதும்போது பிரித்து எழுதுங்கள்: செடி தண்டு வாங்கியது, தண்டு வாங்காத ரகம், தண்டு வாங்குமுன் பறி. பெயராக வந்தால் மட்டும் சேர்த்து.

சென்னையிலிருந்து

ஏற்கிறேன். ‘தண்டு வாங்காத ரகம்’ என்று படித்ததும் மனம் மாறிவிட்டது. அடைமொழியோடு அதை எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை.

ஒரே நிலத்தில் கோபோவை அடுத்தடுத்துப் போட்டால் விளைச்சல் படுத்துவிடும், நான்கைந்து ஆண்டு இடைவெளி வேண்டும் என்கிறார்களே, அதற்கும் ஒரு சொல் தேவைப்படாதா?

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து

நிலம் சலித்துவிட்டது என்போம். அதைத் தனி இழையில் பேசலாம், இப்போது தண்ணீர் திருப்பப் போகிறேன்.