வெங்காயத் தாளில் மருந்து நிற்காமல் உருண்டு ஓடுகிறது: குறை எங்கே?

கேள்வி (பெரம்பலூர் மாவட்டம்)

வணக்கம். ஒரு ஏக்கரில் சின்ன வெங்காயம் நட்டு இன்றோடு 38 நாள் ஆகிறது. தாள்களில் ஊதாப் புள்ளிகள் தென்பட்டதால், மாங்கோசெப் என்ற பூசணக்கொல்லி மருந்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்து முதுகுத் தெளிப்பானால் அடித்தேன். ஒரு பாத்தியை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தாள்கள் முன்போலவே உலர்ந்து நிற்கின்றன. மருந்துத் தண்ணீர் முழுவதும் மணி மணியாக உருண்டு கீழே விழுந்து, பாத்தி மண்தான் நனைந்திருந்தது. ஒட்டட்டும் என்று அடுத்த டேங்க்கில் காதி சோப்பைச் சீவிக் கரைத்து ஊற்றினேன். பால் திரிந்தது போல வெள்ளையாகத் திரண்டு மிதந்து, தெளிப்பானின் முனையையும் அடைத்துவிட்டது. அதே கிணற்றுத் தண்ணீர் பக்கத்துப் பருத்தி இலையில் நன்றாகப் படர்ந்து நனைக்கிறது. மருந்து போலியா, தண்ணீரின் குற்றமா, செடியின் இயல்பா? நோய் பரவுவதற்குள் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்)

தம்பி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மருந்தைச் சந்தேகிக்கக் காரணம் எதுவும் இல்லை. செடியின் இயல்பும் தண்ணீரின் குணமும் சேர்ந்து இப்படிச் செய்திருக்கின்றன. இரண்டையும் நீங்களே சோதித்து அறியலாம்.

முதலில் செடி. நல்ல தாள் ஒன்றைப் பறித்து, அதன் ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தேயுங்கள். மாவு பூத்தது போன்ற சாம்பல் படலம் விரலில் ஒட்டி வரும்; தேய்த்த இடம் பளபளவென்று கரும்பச்சையாகத் தெரியும். அந்தப் படலம் தாள் தானே சுரந்த மெழுகு. வெங்காய மெழுகில் மிகுதியாக இருப்பது 31 கரிம அணுக்கள் கொண்ட, கீட்டோன் என்னும் வகையைச் சேர்ந்த ஒரு கரிமச் சேர்மம். அது வழுவழுப்பான பூச்சாக அமையாமல், கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்களாகத் தாளின் மேல் நெருக்கமாக நிற்கிறது. விழும் துளி அந்தப் படிகங்களின் நுனிகளை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். இடுக்குகளில் காற்று அடைபட்டிருப்பதால் தாளின் தோல்வரை தண்ணீரால் இறங்க முடிவதில்லை.

‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருவதும் இதே அமைப்பைத்தான். தாமரையில் இலைத்தோலின் ஒவ்வொரு செல்லும் சிறு மேடாகப் புடைத்திருக்க, அந்த மேட்டின் மீது மெழுகுக் குழாய்கள் அடர்ந்திருக்கும். அங்கே துளி 150 பாகைக்கும் மேற்பட்ட தொடுகோணத்தில் (துளியின் ஓரம் இலைப்பரப்போடு அமைக்கும் கோணம்) ஏறக்குறைய முழு உருண்டையாக நின்று, இலை சற்றே சாய்ந்தாலும் தூசியை அள்ளிக்கொண்டு ஓடிவிடுகிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்த்லாட், நைன்ஹுய்ஸ் ஆகிய இருவரும் 1997-இல் இதை விரிவாக விளக்கினார்கள். சேம்பு, முட்டைக்கோஸ் இலைகளிலும் இதே காட்சியைப் பார்க்கலாம். பருத்தி இலையில் இவ்வளவு மெழுகுப் படிகங்கள் இல்லாததால் தண்ணீர் எளிதில் படர்கிறது. வெங்காயத் தாளோ உருளையாக, நெட்டுக்குத்தாக நிற்பதால் துளி தங்குவதற்குச் சமமான இடம்கூடக் கிடைப்பதில்லை.

அடுத்தது தண்ணீர். துளியை உருண்டையாகச் சுருக்கிப் பிடிப்பது தண்ணீரின் பரப்பு இழுவிசை; சோப்பு அதைக் குறைப்பதால்தான் துளி தட்டையாகிப் படர்கிறது. உங்கள் கிணற்றுத் தண்ணீர் கடின நீராக இருக்க வேண்டும். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிட்டன. முனையை அடைத்ததும் அதுவே. நீங்கள் போட்ட சோப்பு தாளை எட்டுவதற்கு முன்பே டேங்க்கில் தீர்ந்துபோயிற்று. கடின நீரில் திரியாத, அயனி அல்லாத (மின்னூட்டம் இல்லாத) வகை ஒட்டும் திரவம் மருந்துக் கடைகளில் கிடைக்கும். லிட்டருக்கு அரை மில்லியில் தொடங்கி, ஒரு தாளில் சொட்டுவிட்டுப் பார்த்த பிறகு டேங்க்கில் கலக்குங்கள்.

பதில் 2 (நாமக்கல், வெங்காய விவசாயி)

ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முனை தேய்ந்திருந்தால் துளி பெரிதாக விழும்; பெரிய துளி வேகத்தோடு தாளில் மோதித் தெறித்துவிடும், சிறு துளிதான் தங்கும். ஆகவே முனையை மாற்றிவிட்டு, காற்று அடங்கிய காலை வேளையில் அடியுங்கள். ஒட்டும் திரவத்தை அளவுக்கு மேல் ஊற்றவே வேண்டாம். ஒரு முறை நான் இரு மடங்கு ஊற்றியதில், மருந்து மிக மெல்லிய படலமாகி முழுவதும் தாள் வழியே வழிந்து இறங்கிவிட்டது. இரண்டு நாளில் தாள் நுனிகளும் வெளுத்துக் காய்ந்தன.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தேய்த்த இடத்தில் சொட்டு அப்படியே படர்ந்தது. ஒரு விரல் தள்ளித் தேய்க்காத இடத்தில் உருண்டு ஓடியது. பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரில் அதே சோப்பைக் கரைத்தபோது திரியாமல் நுரைத்தது. நேற்று அரை மில்லி அளவில் ஒட்டும் திரவம் கலந்து அடித்தேன். இன்று காலை தாள்களின் மேல் மருந்து மெல்லிய மஞ்சள் பூச்சாகக் காய்ந்து படிந்திருக்கிறது. இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் உள்ளன. மெழுகு குறைவாக உள்ள செடியாக இருந்தால் இந்தத் தொல்லையே இராது அல்லவா? அடித்த பிறகு நடுவில் வளரும் புதுத் தாளுக்கு என்ன பாதுகாப்பு?

பதில் 1

தம்பி, மெழுகைக் குறையாக எண்ண வேண்டாம். வெயிலில் தாளின் ஈரம் வீணாகாமல் காப்பது அதுதான். ஊதாப் புள்ளி நோயின் பூசண வித்து முளைப்பதற்குத் தாளின் மேல் ஈரம் நீடித்து நிற்க வேண்டும். தண்ணீரை உருட்டிவிடும் தாள் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. ஆனால் மெழுகு குறைந்த பளபளப்பான வெங்காய வகைகளில் சாறு உறிஞ்சும் இலைப்பேன் பூச்சி குறைவாகவே சேர்கிறது என்பதும் உண்மை. ஆகவே இதில் ஒரு நன்மையைப் பெற இன்னொன்றை விட வேண்டியிருக்கும்.

மாங்கோசெப் பட்ட இடத்தை மட்டும் காக்கும் மருந்து. செடிக்குள் ஊடுருவிப் புதுத் தாளுக்குச் செல்லாது. வெங்காயத் தாள் அடியிலிருந்து வளர்வதால், இன்று பூச்சு படிந்த பகுதி மேலே போய், மருந்து படாத புதிய பகுதி கீழே வெளிப்படும். புள்ளிகள் தொடர்ந்து தென்பட்டால் 10 நாள் கழித்து மறுபடியும் அடியுங்கள். அப்போது தாளின் அடிப்பகுதி நனைகிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.