சேர்மானப் பட்டியல் இல்லாத சிவப்பழகு கிரீம்: பாதுகாப்பை எப்படி அறிவது?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)

என் தங்கைக்கு வரன் பார்த்து வருகிறோம். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் நிறம் போதாது என்று அவள் காதுபடச் சொன்னதிலிருந்து, புதுச்சேரியில் ஒரு கடையில் வாங்கிய சிவப்பழகு கிரீமை அவள் இரவுதோறும் பூசி வருகிறாள். டப்பாவில் தயாரிப்பாளரின் முகவரியும் இல்லை, சேர்மானப் பட்டியலும் இல்லை. தொடக்கத்தில் முகம் வெகு விரைவாக வெளுத்தது. இப்போது வெயிலில் இறங்கினால் கன்னம் சிவந்து எரிகிறது. மெல்லிய ரோமம் முளைத்திருக்கிறது. ஓர் இரவு பூசாவிட்டால் அரிப்பும் பருக்களும் கிளம்புகின்றன. காலையில் கடலை மாவுடன் எலுமிச்சைச் சாறு கலந்து தேய்க்கிறாள். இந்தக் கிரீமில் என்ன இருக்கிறது என்பதை வீட்டிலேயே அறிய வழி உண்டா? நிறுத்தச் சொன்னால், நிறுத்தும்போதுதான் முகம் கெடுகிறது என்கிறாள்.

பதில் (மருந்தாளுநர், நெல்லித்தோப்பு)

சகோதரி, வீட்டில் அறிய வழி இல்லை. இத்தகைய கிரீம்களில் கலக்கப்படும் பாதரசத்துக்கும் ஸ்டீராய்டுக்கும் தனி நிறமோ மணமோ தெரியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் பெரும்பாலும் ஸ்டீராய்டையே காட்டுகின்றன. அது இரத்த நாளங்களைச் சுருக்கி, நிறமி உண்டாவதைக் குறைத்து முகத்தை வெளுக்கச் செய்கிறது. கூடவே தோலை மெலியவும் செய்கிறது. நிறுத்தியதும் சுருங்கிய நாளங்கள் விரிவதால் முகம் சிவந்து எரிகிறது, அதைக் கண்டு பயந்து மறுபடியும் பூசுகிறார்கள். இந்தச் சுழலில் சிக்கிக்கொண்டு டியூப் கேட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. மொமெட்டாசோன், க்ளோபெட்டாசால் போன்ற ஸ்டீராய்டு களிம்புகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை.

பாதரசம் இதைவிடக் கொடியது. நிறமியை உண்டாக்கும் நொதியை அது முடக்குகிறது, தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் தாக்குகிறது. 2023-இல் கேரளத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரக நோயுடன் வந்த சிலரை விசாரித்த மருத்துவர்கள், அவர்கள் சிவப்பழகு கிரீம் பூசியிருந்ததைக் கண்டறிந்தார்கள். முகத்தில் பூசும் பொருளில் தவறிக் கலக்கும் பாதரசம்கூட 10 லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. சிறுநீர் நுரைத்துப் போகிறதா, கால் வீங்குகிறதா என்று தங்கையிடம் கேளுங்கள். இல்லை என்றாலும் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டப்பாவுடன் கோரிமேடு ஜிப்மரின் தோல் பிரிவுக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டை எப்படி விடுவது என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். வாங்கிய இடம் புதுச்சேரி என்பதால், புகாரையும் புதுச்சேரி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமே கொடுக்க வேண்டும்.

பதில் (திருப்பாதிரிப்புலியூர்)

அம்மா, எனக்குக் கன்னத்தில் மங்கு படர்ந்தபோது மருத்துவர் என் மேற்கையின் உட்புறத்தைக் காட்டி, வெயில் படாத இந்த நிறம்தான் உங்கள் இயல்பு நிறம், இதற்கும் மேல் வெளுக்க வைப்பதாகச் சொல்லும் எதையும் நம்பாதீர்கள் என்றார். எனக்கு அவர் எழுதிக் கொடுத்தவை அசலாயிக் அமிலக் களிம்பும், எஸ்பிஎப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும்தான். மங்கு மெதுவாகவே மங்கியது. எலுமிச்சையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்; அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் எழும்பலாம், பின்பு கருந்திட்டும் தங்கிவிடும். பெண்ணின் நிறத்தை எடைபோட வருகிற வீட்டுக்கு அவளை அனுப்பாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நாளையே அழைத்துச் செல்கிறேன். என் கைக்குழந்தையும் அவளருகில்தான் தூங்குகிறது. அதற்கும் கெடுதல் உண்டா?

பதில் (மருந்தாளுநர், நெல்லித்தோப்பு)

பாதரசம் இருந்தால் உண்டு. அது கை, துண்டு, தலையணை உறை வழியாகக் குழந்தையிடம் சேரும். அந்த வயதில் மூளையும் நரம்பும் எளிதில் பாதிக்கப்படும். குழந்தையை இன்றிரவே தனியாகப் படுக்க வையுங்கள், தங்கை பயன்படுத்திய துணிகளைத் தனியே ஒதுக்குங்கள், குழந்தையையும் உடன் அழைத்துச் சென்று மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். டப்பாவைக் குப்பையில் எறியாமல் இறுக்கமாக மூடிய பிளாஸ்டிக் பையில் வைத்திருங்கள். மருத்துவருக்கும் புகாருக்கும் அது தேவைப்படும்.