சிபாப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்கக் காற்று செலுத்தும் CPAP கருவி) ஆன் ஆகவில்லை, என்ன பார்க்கலாம்?

கேள்வி: பட்டனை அழுத்தினால் திரை இருட்டாகவே இருக்கு. அடாப்டர் 24 வோல்ட், 90 வாட். பிளக் பாயிண்ட் சரி.

பதில் 1: அடாப்டரில் செருகும் பவர் கார்டை மாத்திப் பாருங்க, அதுதான் அடிக்கடி லூஸாகும். அப்புறம் மல்டிமீட்டரை டிசி-யில் வெச்சு அடாப்டர் முனையில் அளங்க. 24-ஐ ஒட்டி வரணும். பூஜ்யம்னா அடாப்டர் போச்சு.

பதில் 2: 24 காட்டினாலும் நம்பிடாதீங்க. அடாப்டருக்குள்ள கெபாசிட்டர் உப்பியிருந்தா லோடு ஏறினதும் வோல்டேஜ் படுத்துடும். அதே ரேட்டிங் உள்ள, அந்த மாடலுக்கான அடாப்டர் போட்டுத்தான் முடிவு பண்ணணும். 12 வோல்ட் அடாப்டரைச் செருகாதீங்க.

பதில் 3: காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியோடு மெஷினைச் சாய்த்தீங்களா? உள்ளே தண்ணி போயிருந்தா உடனே பிளக்கைப் பிடுங்குங்க, திரும்ப ஆன் பண்ணாதீங்க, போர்டு எரிஞ்சுடும். சர்வீஸுக்குக் கொடுத்துட்டு, இன்னிக்கு ராத்திரிக்கு என்ன செய்யறதுன்னு டாக்டர்கிட்ட இப்பவே கேளுங்க.