பிரிட்டிஷ் இண்டி: புதுப் பாட்டும் சின்ன ஷோவும் உங்கள் கண்ணில் எப்படிப் படுகின்றன?

தென் லண்டனிலிருந்து

இண்டி என்றால் பெரிய கம்பெனிகளைச் சாராமல் சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவர்கள். அதிலும் பெரிய அரங்கில் வாசிக்கும் பேண்டுகளைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர்கள் போஸ்டர் ட்யூப் ஸ்டேஷன் சுவரிலேயே இருக்கும். இன்னும் ஒரு ஆல்பம்கூட வராத ஆட்களை எங்கே பிடிக்கிறீர்கள்? முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எல்லாம் பிரிக்ஸ்டன் விண்ட்மில்தான். வீடுகளுக்கு நடுவே ஒரு சாதாரண பப். அதே தெருவில் 1816-இல் கட்டிய நிஜக் காற்றாலை ஒன்று நிற்கிறது, பெயர் அதனால் வந்தது. உள்ளே 150 பேர் நின்றால் முழங்கை மடக்க இடம் இருக்காது. பிளாக் மிடி, ஸ்க்விட், ஷேம், கோட் கேர்ள், பிளாக் கன்ட்ரி நியூ ரோடு என்று இன்று பெயர் வாங்கிய பேண்டுகள் எல்லாம் அந்த மேடையில் பழகியவைதான். பிளாக் மிடியின் பெயர் பரவ ஆரம்பித்தபோது நெட்டில் தேடினால் பாட்டு ஏதும் சிக்காது. நேரில் பார்த்தவர் வாயால்தான் சேதி போனது.

யார் வாசிக்கிறார்கள் என்று பார்த்துப் போகிற வழக்கத்தையே விட்டுவிட்டேன். இடத்தைப் பார்த்துப் போகிறேன். ஒரு ராத்திரிக்கு மூன்று நான்கு பேண்ட் இருக்கும், முதல் ஆட்கள் எட்டு மணிக்கெல்லாம் ஏறிவிடுவார்கள். நம்மவர்கள் பாதிப் பேர் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள். அந்த முதல் அரை மணி நேரத்தில் மேடைக்கு முன்னால் நிற்கிற கூட்டத்தைக் கவனியுங்கள். வேறு பேண்டில் வாசிக்கிறவர்களும் அவர்களோடு வீடு பகிர்ந்து இருக்கிறவர்களும்தான் அதிகம். அடுத்த மாதம் எங்கே என்ன என்பது அவர்கள் பேச்சிலேயே வந்துவிழும்.

இன்னொன்று, பேண்டைவிட ஆளைப் பின்தொடர்வது. பிளாக் கன்ட்ரி நியூ ரோடில் வயலின் வாசிக்கும் ஜார்ஜியா எல்லரிதான் ஜாக்ஸ்ட்ராப் என்ற இன்னொரு பேண்டில் பாடுகிறவர். இந்த வட்டத்தில் இப்படி இரண்டு மூன்று பேண்டில் கால் வைக்காதவரைப் பார்ப்பதே அபூர்வம். தயாரிப்பாளரையும் பின்தொடரலாம். தயாரிப்பாளர் டான் கேரி நடத்தும் ஸ்பீடி வுண்டர்கிரவுண்ட் என்ற லேபிளில் (பாட்டு வெளியிடும் நிறுவனம்) ஒரு சிங்கிளை, அதாவது தனிப் பாட்டை, ஒரே நாளில் பதிவு செய்ய வேண்டும், மதியச் சாப்பாட்டு இடைவேளைகூடக் கிடையாது என்பது விதி. ஏழு அங்குல வினைல் இசைத்தட்டாக 250 பிரதி போடுவார்கள். வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். நான் சொன்ன பேண்டுகளில் மூன்று அந்த வழியாக வந்தவைதான்.

லீட்ஸிலிருந்து

அண்ணா, லண்டன் கதையையே எல்லோரும் சொல்கிறார்கள். வடக்குப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள்.

இங்கே ப்ருடனெல் சோஷியல் கிளப் இருக்கிறது. 1913-இல் தொழிலாளர் கிளப்பாக ஆரம்பித்த இடம். இன்றைக்கும் ஒரு பக்கம் வயசாளிகள் பூல் ஆடிக்கொண்டிருப்பார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் டிரம் செட்டுக்கு மைக் மாட்டிக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் நடந்தால் ஹைட் பார்க் புக் கிளப். மேலே காபிக் கடை, கீழே நிலவறையில் ஷோ. இங்கிலீஷ் டீச்சர் இந்த ஊர் பேண்ட். 2024-இல் மெர்குரி பரிசு வாங்கினார்கள், அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கிற பரிசு. லண்டனுக்கு வெளியே அந்தப் பரிசு போய் ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு ஊரில் எல்லோரும் "நான் இவர்களை இருபது பேர் கூட்டத்தில் பார்த்தவன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். எல்லோரும் சொன்னதைக் கூட்டினால் அந்த அறை பிதுங்கியிருக்கும்!

எனக்குப் பிடித்தது மெர்ச் மேசை, பேண்டின் தட்டும் சட்டையும் விற்கிற இடம். ஷோ முடிந்து வேர்வை காயாமல் கிடாரிஸ்ட் தானே வந்து நிற்பார். சின்ன கார்டு மெஷின் சிக்னல் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் பேச்சு. போன மாதம் ஒரு பெண்ணிடம் கேசட் வாங்கினேன். உள்ளே டவுன்லோட் குறியீட்டைப் பேனாவால் எழுதி, பின்புறம் "இவர்களையும் கேள்" என்று மூன்று பேண்ட் பெயர். எந்த ஆப்பும் இதுவரை எனக்கு அவ்வளவு சரியாகக் கை காட்டியதில்லை.

சென்னையிலிருந்து

உங்களுக்கெல்லாம் பஸ் ஏறினால் ஷோ. எனக்கு பேண்ட்கேம்ப்தான் விண்ட்மில், பேண்டுகள் நேரடியாகப் பாட்டு விற்கிற இணையதளம் அது.

வழி இதுதான். பிடித்த ஆல்பம் பக்கத்துக்குப் போனால், அதை வாங்கியவர்களின் குட்டிக் குட்டிப் படங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் அவர் வாங்கிய மொத்தச் சேகரிப்பும் திறக்கும். நாம் காதலிக்கிற ஏதோ ஒரு ஒதுக்குப்புற ஆல்பத்தை அவரும் வாங்கியிருந்தால், மீதியை நம்பிக் கேட்கலாம். ஊர் வாரியாகவும் தேடலாம். மான்செஸ்டர், கிளாஸ்கோ என்று போட்டுப் புதியவற்றை மட்டும் பாருங்கள். குப்பையும் நிறைய வரும், பரவாயில்லை.

வாங்குவதை பேண்ட்கேம்ப் வெள்ளிக்குத் தள்ளி வைப்பேன், அந்தத் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற நாள் அது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 20 அன்று ஆரம்பித்தது. வழக்கமாக டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், தட்டு, சட்டையில் 10 சதவீதம் எடுப்பவர்கள், அன்றைக்கு எடுப்பதில்லை. அமெரிக்க பசிபிக் நேரக் கணக்கு என்பதால் இங்கே மதியம் பன்னிரண்டரைக்கு, குளிர்காலத்தில் ஒன்றரைக்குத்தான் தொடங்கும். எல்லா மாதமும் இப்போது வருவதில்லை, தேதி பார்த்துக்கொள்ளுங்கள். தட்டு மட்டும் வரவழைக்க மனசு வராது. தட்டு விலையைவிடத் தபால் செலவு கூட.

பிரிஸ்டலிலிருந்து

தம்பிமார்களே, நான் கொஞ்சம் பழைய ஆள். எங்கள் காலத்தில் புதுப் பாட்டு என்றால் வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல்தான். 1967 முதல் 2004-இல் இறக்கும்வரை பிபிசியின் 'ரேடியோ 1' நிலையத்தில் இருந்தார். சில நாள் தட்டைத் தப்பான வேகத்தில் ஓடவிட்டு, அப்புறம் மன்னிப்புக் கேட்பார். ராத்திரி கேட்டு, பெயரைக் காகிதத்தில் கிறுக்கி, காலையில் ரெக்கார்டு கடையில் நீட்டுவோம். எழுத்துப்பிழையோடு நீட்டினாலும் கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

எங்கள் ஊர் சாரா ரெக்கார்ட்ஸ் என்ற லேபிள் 1987-இல் தொடங்கி, 1995-இல் நூறாவது வெளியீட்டோடு தானாகவே மூடிக்கொண்டது. முதல் ஏழு அங்குலத் தட்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த காகித அட்டையோடு வரும். இன்றைய பிள்ளைகள் அவற்றுக்குக் கொடுக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இப்போது காரில் பிபிசியின் '6 மியூசிக்' வானொலி ஓடுகிறது. 2010-இல் பிபிசி அதை மூடப் பார்த்தது, கேட்பவர்கள் சத்தம் போட்டதில் தப்பியது.

இடங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பக்கத்து பாத் நகரில் மோல்ஸ் கிளப் 45 வருஷம் ஓடி 2023 டிசம்பரில் மூடியது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இப்படி 125 சின்ன இடங்கள் போயின என்று சின்ன இசை அரங்குகளுக்காகப் பாடுபடும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் கணக்குச் சொன்னது. வாடகையும் கரண்ட் பில்லும் ஏறிக்கொண்டே போனால், பத்துப் பவுண்டு டிக்கெட்டில் எத்தனை நாள் தள்ளுவார்கள்? அதனால்தான் நான் இலவசமாக உள்ளே போக விருந்தினர் பட்டியலில் பெயர் போடக் கேட்பதில்லை. தெரிந்த பையன் வாசித்தாலும் டிக்கெட் எடுத்துத்தான் போவேன்.

லீட்ஸிலிருந்து

ஐயா, உங்களிடம் அந்த சாரா தட்டுகள் இன்னும் இருக்கிறதா? விற்கிற எண்ணம் உண்டா?

பிரிஸ்டலிலிருந்து

இருக்கிறது தம்பி. விற்க மாட்டேன். பிரிஸ்டல் பக்கம் ஷோவுக்கு வந்தால் சொல்லு, வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கேட்கலாம். காது அடைப்பான் மட்டும் மறக்காமல் எடுத்துவா, இங்கே சவுண்ட் ஆட்கள் இரக்கமில்லாதவர்கள்.