லைப்ரரி கோப்பைச் சுருக்கியும் பக்கம் நகரவில்லையா? செட்டிநாட்டுத் தளங்களில் நாம் பார்த்தவை

கோட்டையூர்:

பலகாரக் கடை, ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்கள், கண்டாங்கிச் சேலைக்காரர்கள் என்று நம் பக்கத்தில் இப்போது பல பேருக்கு இணையதளம் இருக்கிறது. பெரிய குழு எதுவும் கிடையாது. ஊருக்கு ஒருவர் இருவர்தான் அவற்றைப் பார்த்துக்கொள்கிறோம். அதனால் ஒருவர் கண்டுபிடித்தது இன்னொருவருக்குத் தெரியாமலேயே போய்விடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கோடை, சுருக்கி அனுப்புவதில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

காரைக்குடியில் மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல் செய்து வெளியூருக்கு அனுப்பும் ஒரு கடையின் தளத்தைக் கவனித்துக்கொள்கிறேன். கடை ஆச்சி ஒருநாள் போனில், "தம்பி, ஆர்டர் பக்கம் வெள்ளையாவே நிக்குதுன்னு சொல்றாக, என்னன்னு பாரு" என்றார். சிங்கப்பூரிலிருந்து வாங்குகிறவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. சுற்றுவட்டாரத்தில் சிக்னல் குறைவான இடத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை.

பிரவுசரில் நெட்வொர்க் டேபைத் திறந்து பார்த்தேன். ஜேக்வெரி என்ற லைப்ரரியின் மினிஃபை செய்த கோப்புதான் போய்க்கொண்டிருந்தது. அந்த மட்டில் சரி. ஆனால் கோப்பின் அளவும் வயர் வழியாக வந்த அளவும் ஒன்றாகவே இருந்தன. ஜேக்வெரி 3.6.0 சுருக்காமல் இருந்தால் 280 கேபியைத் தாண்டும். மினிஃபை செய்தால் சுமார் 89 கேபி. அதை சர்வர் ஜிசிப்பில் அமுக்கி அனுப்பினால் 31 கேபி அளவுக்கு இறங்கும். எங்கள் தளம் 89 கேபியிலேயே நின்றுவிட்டது.

மினிஃபை, ஜிசிப் இரண்டும் ஒரே வேலை என்றுதான் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மினிஃபை செய்யும் கருவி கோடைப் புரிந்துகொண்டு வேலை செய்கிறது. கமென்ட், வெற்றிடம், வரி முறிவு எல்லாவற்றையும் எடுத்துவிடும், உள்ளே மட்டும் புழங்கும் நீளமான பெயர்களை ஓரெழுத்தாக்கும். அப்படிச் சுருங்கிய கோப்பு அப்படியே ஓடும். ஜிசிப்புக்குக் கோடின் பொருள் தெரியாது. 32 கேபி தூரத்துக்குள் முன்னால் வந்த எழுத்துத் தொடர் மறுபடி வந்தால், "இத்தனை எழுத்து பின்னால் போய் இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்" என்று குறித்துவைக்கும். அதன்மேல் அடிக்கடி வரும் குறிகளுக்குக் குட்டைக் குறியீடு கொடுக்கும். ஃபங்க்ஷன், ரிட்டர்ன், திஸ் என்று ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் ஜாவாஸ்கிரிப்ட் நன்றாக அமுங்கும். பிரவுசர் அதை விரித்த பிறகுதான் ஓட்ட முடியும். முதல் வேலையை நாம் ஒருமுறை செய்து வைத்தால் போதும். இரண்டாவதை சர்வர்தான் செய்ய வேண்டும்.

எங்கள் சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ். அதில் ஜிசிப் 'ஆன்' என்றுதான் இருந்தது. முகப்புப் பக்கத்தைச் சோதித்தால் அமுக்கித்தான் வந்தது. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விஷயம் என்னவென்றால், வகைகளை நாம் எழுதிக்கொடுக்காவிட்டால் என்ஜின்எக்ஸ் ஹெச்டிஎம்எல்லை மட்டுமே அமுக்கும். ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ், ஜேசன் எல்லாம் அப்படியே போகும். சர்வரை அமைத்துக் கொடுத்த நிறுவனம் அந்த ஒரு வரியைச் சேர்க்கவே இல்லை. சேர்க்கும்போது 'அப்ளிகேஷன்/ஜாவாஸ்கிரிப்ட்', 'டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட்' இரண்டையும் எழுதுங்கள். 2022இல் வந்த தரநிலை பின்னதைத்தான் முறையான பெயராக வைத்திருக்கிறது. ஆனால் பல சர்வர்கள் இன்னும் முன்னதைத்தான் அனுப்புகின்றன.

89இலிருந்து 31 என்பது எண்ணில் மட்டும் தெரிகிற லாபம் இல்லை. புது இணைப்பில் சர்வர் முதல் சுற்றில் வழக்கமாகப் பத்துப் பாக்கெட், அதாவது சுமார் 14 கேபிதான் அனுப்பும். பதில் வந்ததும் அடுத்த சுற்றில் அதன் இரட்டிப்பு, அப்புறம் அதற்கும் இரட்டிப்பு. 31 கேபி இரண்டே சுற்றில் வந்து சேரும். 89 கேபிக்கு மூன்றாவது சுற்றும் வேண்டும். சிக்னல் மோசமான இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் காத்திருக்க வேண்டும், நடுவில் பாக்கெட் தொலைந்தால் இன்னும் தள்ளிப்போகும். வைஃபையில் உட்கார்ந்து சோதிக்கிற நமக்கு இது தெரிவதே இல்லை.

இன்னொன்று. நடுவில் சிடிஎன் (கோப்பின் நகலை வாங்குகிறவருக்குப் பக்கத்திலிருந்து கொடுக்கும் சர்வர்கள்) வைத்திருப்பவர்கள் அதன் வழியாகவும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ப்ராக்ஸி எனும் இடைச் சர்வர் வழியாக வந்த கோரிக்கை என்று தெரிந்தால் என்ஜின்எக்ஸ் இயல்பில் அமுக்காது. அதற்குத் தனி வரி உண்டு. நேரே சோதித்தால் அமுங்கி வரும், வாங்குகிறவருக்கு முழு அளவில் போகும்.

தேவகோட்டை:

அண்ணே, நல்ல நேரத்தில் ஆரம்பித்தீர்கள். தமிழ் எழுத்து சம்பந்தப்பட்ட ஒன்றை நான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும் வழிகாட்டிகளில் இதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது.

கோயில் விழாக்களுக்கான ஒரு தளம் செய்தேன். ஊர்ப் பெயர், விழாப் பெயர், பொத்தான்களில் வரும் சொற்கள் எல்லாம் தமிழில், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள்ளேயே இருந்தன. எஸ்பில்ட் வைத்து மினிஃபை செய்தேன். வேகமான கருவி, எனக்குப் பிடித்தமானது. ஆனால் சுருக்கியபின் அந்தச் சொற்பட்டியல் கோப்பு மூலத்தைவிடப் பெரிதாக வந்து நின்றது.

கோப்பைத் திறந்து பார்த்ததும் காரணம் புரிந்தது. ஒரு தமிழ் எழுத்துகூட அதில் இல்லை. எல்லாம் பின்சாய்கோடு, யு, அதன் பின்னால் நான்கு இலக்கம் என்று மாறியிருந்தன. எஸ்பில்ட் இயல்பாகவே ஆங்கில அடிப்படைக் குறிகளுக்கு வெளியே உள்ள எல்லாவற்றையும் இப்படி மாற்றிவிடும். யுடிஎஃப்-8 என்ற வழக்கமான எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். இந்த முறையிலோ ஆறு பைட். 'காரைக்குடி' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து பத்துக் குறிகள். சாதாரணமாக 30 பைட், மாற்றினால் 60.

கருவியைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் எழுத்துக் குறியீட்டு முறை அறிவிக்கப்படாமல் இருந்தால் தமிழ் எல்லாம் குப்பையாகத் தெரியும். அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்று அறிவித்துவிட்டு, எஸ்பில்டில் சார்செட் என்ற அமைப்பை யுடிஎஃப்-8 என்று கொடுத்தால் தமிழ் தமிழாகவே இருக்கும். டெர்சர் என்ற இன்னொரு மினிஃபை கருவி இயல்பிலேயே இப்படி மாற்றுவதில்லை. அதில் வேண்டுமென்று கேட்டால்தான் மாற்றும்.

ஜிசிப் போட்டால் இது சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். பெரும்பகுதி சரியாகிவிடும். ஒரே முன்னொட்டு திரும்பத் திரும்ப வருவதால் இரண்டுமே நன்றாக அமுங்கும், வித்தியாசம் வெகுவாகக் குறையும். ஆனாலும் போனில் விரித்த பிறகு பிரவுசர் முழு நீளத்தையும் படித்தாக வேண்டும். விலை குறைந்த போனில் அந்தப் படிப்புக்கும் நேரம் பிடிக்கிறது. நம் மொழியில் எழுதியதற்காக நம் ஊர்க்காரர் கூடுதலாகக் காத்திருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

புதுவயல்:

அரிசி ஆலை ஒன்றுக்கான பில்லிங் பக்கம். ஆங்குலர்ஜேஎஸ் என்ற பழைய லைப்ரரியில் எழுதியது. மினிஃபை செய்யும் வரை நன்றாக ஓடியது, செய்ததும் 'அன்னோன் புரொவைடர்' என்று நின்றது. அந்த ஆங்குலர், ஃபங்க்ஷனுக்குள் வரும் பெயரை வைத்துத்தான் எந்த சர்வீஸைத் தர வேண்டும் என்று முடிவெடுக்கும். சுருக்கும் கருவி அந்தப் பெயரை ஓரெழுத்தாக்கியதும் அதற்குத் தேடவேண்டியது தெரியாமல் போகிறது. பெயர்களை மேற்கோளுக்குள் வரிசையாக எழுதிக்கொடுக்கும் முறை ஒன்று உண்டு. மேற்கோளுக்குள் இருப்பதைக் கருவி தொடாது. அப்படி மாற்றியதும் தீர்ந்தது.

கோப்புகளை ஒன்றாக ஒட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் கோப்பின் கடைசியில் அரைப்புள்ளி இல்லாமல், அடுத்தது அடைப்புக்குறியில் தொடங்கினால் இரண்டும் ஒரே கூற்றாகிவிடும். "ஃபங்க்ஷன் இல்லை" என்று பிழை வரும். தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் சரியாக ஓடும். அதனால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

அழகப்பா பல்கலைக்கழக மாணவி:

ப்ராட்லி என்று இன்னொரு அமுக்கும் முறை இருக்கிறதே, அதைப் போட்டால் ஜிசிப்பே தேவையில்லையா? என் கணினியில் போட்டுப் பார்த்தேன். எத்தனை முறை ஏற்றினாலும் ஜிசிப்தான் வருகிறது.

கோட்டையூர்:

அம்மா, உன் கணினியில் ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் சோதிக்கிறாய் என்று நினைக்கிறேன். பாதுகாப்பான இணைப்பில்தான் பிரவுசர்கள் பொதுவாக ப்ராட்லி வேண்டும் என்று கேட்கும். மற்றபடி ஜிசிப் போன்ற பழையவற்றை மட்டும் கேட்கும். சான்றிதழ் போட்ட சர்வரில் ஏற்றிப் பார், வரும்.

ஜிசிப்பை எடுத்துவிடாதே. எது வேண்டும் என்று பிரவுசர் சொல்கிறது, சர்வர் அதற்கேற்றபடி கொடுக்கிறது. பழைய போன்களுக்கு ஜிசிப் இருக்கட்டும். நடுவில் கேஷ் (ஒருமுறை வந்ததைச் சேமித்து மறுபடி கொடுக்கும் இடம்) வைத்திருந்தால், சர்வர் பதிலின் 'வேரி' தலைப்பில் 'அக்செப்ட்-என்கோடிங்' வருகிறதா என்று பார்த்துக்கொள். அது இல்லாவிட்டால் ஒருவருக்கான வடிவம் இன்னொருவருக்குப் போய்ச்சேரும்.

ப்ராட்லி கூகுளில் உருவானது, 2016இல் ஆர்எஃப்சி 7932 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வந்தது. சுமார் 120 கேபி அளவுள்ள சொல்தொகுப்பு ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. இணையப் பக்கங்களில் அடிக்கடி வரும் சொற்களும் துண்டுகளும் அதில் உண்டு. சின்னக் கோப்பில் ஜிசிப்புக்குத் திரும்பிப் பார்க்க எதுவும் இருக்காது. ப்ராட்லிக்கு அந்தத் தொகுப்பு கைகொடுக்கும். பின்னால் பார்க்கும் தூரமும் 32 கேபிக்குப் பதில் 16 எம்பி வரை போகலாம்.

ஆனால் ப்ராட்லியின் உச்சமான 11ஆம் நிலை என்பது மெதுவானது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதைச் செய்யச் சொன்னால் சின்ன சர்வர் திணறிவிடும். ஜவ்வரிசி வடகத்தை வெயில் காலத்தில் போட்டு வைப்பதுபோல, லைப்ரரி கோப்புகளை வெளியிடும்போதே உச்ச நிலையில் அமுக்கி பக்கத்திலேயே வைத்துவிடு. சர்வர் அதை எடுத்துக் கொடுத்தால் போதும். ஜிசிப்புக்கு என்ஜின்எக்ஸிலேயே அதற்கான வசதி உண்டு. ப்ராட்லிக்குத் தனி மாட்யூல் சேர்க்க வேண்டும். கேட்கும் நேரத்தில் உருவாகும் பக்கங்களுக்கு மட்டும் நடுத்தர நிலை வை.

கானாடுகாத்தான்:

எல்லோரும் அமுக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் எடுத்தெறிந்ததைப் பற்றிச் சொல்கிறேன்.

பழைய வீடு ஒன்றில் விருந்தினர் தங்கும் ஏற்பாட்டுக்குத் தளம் செய்திருக்கிறார்கள். என்னிடம் வரும்போது முகப்பு, வளவு, தூண்கள் என்று படங்கள் ஓடும் ஸ்லைடர் இரண்டு இருந்தன. இரண்டும் வேறு வேறு லைப்ரரி. ஒன்று ஈவால் (எழுத்துத் தொடரைக் கோடாக ஓட்டும் கட்டளை) வைத்து அவிழ்க்கும் பழைய முறையில் பேக் செய்யப்பட்டது. எனக்கு அந்த முறைமேல் கோபமே உண்டு. ஏற்கெனவே உருமாற்றிய எழுத்தை ஜிசிப் நன்றாக அமுக்க முடிவதில்லை. பிரவுசரும் ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் அவிழ்த்து, அப்புறம் படித்து, அப்புறம் ஓட்ட வேண்டும். ஈவாலைத் தடுக்கும் பாதுகாப்பு விதியையும் வைக்க முடியாது. ஜிசிப்பை எல்லாப் பிரவுசரும் புரிந்துகொள்ளும் இந்தக் காலத்தில் அதற்கு இடமே இல்லை.

தேதி காட்ட மோமென்ட் லைப்ரரியை எல்லா மொழிகளோடும் சேர்த்திருந்தார்கள். விருந்தினர் வரும் நாளைத் தமிழில் காட்ட மட்டுமே அது பயன்பட்டது. அதை உருவாக்கியவர்களே 2020இல், இனிப் புது வேலைகளுக்கு வேறு பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பிரவுசருக்குள்ளேயே இன்டல் என்ற வசதி இருக்கிறது. மொழியை 'டிஏ-ஐஎன்' என்று கொடுத்தால் மாதப் பெயரைத் தமிழில் அதுவே தரும். ஒரு கேபிகூட இறக்க வேண்டாம்.

லைப்ரரியைப் பொதுச் சிடிஎன்னில் இருந்து எடுத்தால் வேறு தளத்தில் இறங்கியதே நமக்கும் உதவும் என்று முன்பு சொல்வோம். குரோம் 2020இலும் ஃபயர்பாக்ஸ் 2021இலும் கேஷைத் தளத்துக்குத் தளம் பிரித்துவிட்டன. அந்த லாபம் போய்விட்டது. நான் லைப்ரரிகளை எங்கள் சர்வரிலேயே வைக்கிறேன். கோப்புப் பெயரில் உள்ளடக்கத்தின் ஹேஷை, அதாவது அதிலிருந்து கணக்கிட்ட குறியை, சேர்த்து, ஓராண்டுக்குக் கேஷ் செய்யச் சொல்கிறேன். உள்ளே மாறினால் பெயரும் மாறும், புதிது இறங்கும். மாறாத வரை இரண்டாம் முறை வருபவருக்கு எதுவும் இறங்க வேண்டியதில்லை.

படங்களை ஜிசிப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள், அதையும் எடுத்துவிட்டேன். ஜேபெக், வெப்பி எல்லாம் ஏற்கெனவே அமுங்கியவை. மறுபடி அமுக்கினால் சர்வருக்குத்தான் சுமை.

தேவகோட்டை:

கமென்ட்டுகளை எடுக்கும்போது உரிமக் குறிப்பையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். எம்ஐடி உரிமத்தில் வரும் லைப்ரரிகளில் பதிப்புரிமை வரியைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆச்சரியக்குறியோடு தொடங்கும் கமென்ட்டைப் பெரும்பாலான கருவிகள் விட்டுவைக்கும். இலவசமாக எழுதிக்கொடுத்தவர்களின் பெயர் சில பைட்டுக்காகப் போய்விடக் கூடாது.

புதுவயல்:

சுருக்கிய கோடு மூலத்தில் எந்த வரி என்று காட்டும் சோர்ஸ் மேப் கோப்பையும் உருவாக்கி வையுங்கள். டெவலப்பர் டூலைத் திறக்காத வரை அது யாருக்கும் இறங்காது. வாடிக்கையாளர் பிழையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால், ஒரே வரியாக இருக்கும் கோப்பில் எந்த இடம் என்று அது இல்லாமல் சொல்லவே முடியாது.